சொல்லாமல் விட்ட நிறம்

பத்து வயதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நானுஓயா ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி விளையாடி, சிங்களம் தண்ணீர் பட்ட பாடாகியிருந்தது. அப்பாவுக்கும் சிங்களம் தெரியும்தான். ஆனால் அது சந்தையில் கிழங்கு விலை கேட்கிற சிங்களம். அதனால் தனக்குக் காசநோய் என்று தெரிந்து டவுன் கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போன அன்று, அம்மாவைக் கொழுந்து பறிக்க அனுப்பிவிட்டு என்னைத்தான் கூட்டிப்போனார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட குஷியில் எனக்கு நோயைப் பற்றிய பயமே இல்லை.

நர்ஸ் மிஸ் சிங்களத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். காலையில் வெறும் வயிற்றில், நாலு மாத்திரையும் ஒரே தடவையில். ஒரு நாள்கூட விடக் கூடாது. இருமல் நின்றாலும் ஆறு மாதம் முடிக்க வேண்டும். சாராயம் கூடாது. கண் மஞ்சளானாலோ வாந்தி வந்தாலோ உடனே வர வேண்டும். ஒவ்வொன்றையும் நான் பெரிய மனுஷி போலத் தமிழில் சொன்னேன். பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் என்னையே பார்த்தார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடைசியாக மிஸ், இந்த மருந்துக்கு மூத்திரம் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயந்துபோய் நிறுத்திவிட வேண்டாம் என்றார். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அத்தனை பேர் முன்னால், அதுவும் அப்பாவிடம், அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது?

"பயப்பட வேணாமாம்ப்பா," என்று மட்டும் சொன்னேன்.

"நான் எதுக்குப் புள்ள பயப்படப் போறேன்," என்று அப்பா சிரித்தார்.

அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். முதல் நாளோ இரண்டாம் நாளோ மலையில் ஒதுங்கியபோது அந்தச் சிவப்பைப் பார்த்திருக்கிறார். மாத்திரைச் சூடு தாங்காமல் நெஞ்சில் இருந்த ரத்தம் கீழே இறங்கிவிட்டது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டார். அம்மா பயந்துவிடுவாள் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. விடியற்காலையில் அம்மா பார்க்க மாத்திரையை வாயில் போட்டு ஓரமாக ஒதுக்கிக்கொள்வார். தோட்டத்து ஆட்கள் காலையில் கூடும் பெரட்டுக்களத்துக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிற வழியில் துப்பிவிடுவார். இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அப்போது நாங்கள் கண்டது, அவர் வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்ததையும், ஆள் நாளுக்கு நாள் துரும்பாகிப் போனதையும்தான். மருந்து வேலை செய்ய நாளாகும் என்று அம்மாவுக்கு நான் விளக்கம் வேறு சொன்னேன்.

இரண்டாவது மாதம் இருமலோடு நிஜமான ரத்தமே வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். வார்டில் இருந்தவர் யாழ்ப்பாணத்து மிஸ். மருந்தை ஒழுங்காகக் குடித்தீர்களா என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்க, அப்பா கடைசியில் அந்தச் சிவப்பைப் பற்றி முணுமுணுத்தார்.

"அது மருந்தின்ர நிறம் ஐயா. கிளினிக்கில ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

நான் கட்டிலின் காலடியில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார்.

"சொன்னாங்க மிஸ். நாந்தான் மறந்துட்டேன்."

மிஸ் நன்றாக ஏசினார். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவும் தன் பங்குக்கு ஏசினாள். பெற்ற பிள்ளை அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லியும் புத்தியில்லாமல் போச்சே என்று அழுதாள். மருந்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை அப்பா ஒரு நாளும் தவறவில்லை. ஆனாலும் ஒரு பக்க நுரையீரல் தேறவில்லை. கவ்வாத்துக் கத்தியை அவர் அதற்குப் பிறகு தொடவேயில்லை. நான் ஓ.எல். பரீட்சை எழுதிய வருடம் போய்விட்டார். அதுவரை அம்மா அந்த மறதியைச் சொல்லிக் காட்டிக்கொண்டேயிருந்தாள். அவரும் ஆமாம் ஆமாம் என்றே இருந்தார்.

மறந்துட்டேன் என்று அப்பா சொன்ன அன்று வார்டைவிட்டு வெளியே வந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. வேறு யாரோ அப்பாவிடம் முன்பே சொல்லியிருக்கிறார்கள், அவர்தான் மறந்துவிட்டார், என்மேல் தப்பில்லை என்று நம்பினேன். அந்தக் கிளினிக்கில் அப்பாவுக்குத் தமிழில் சொன்னது நான் ஒருத்திதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா வாங்கித் தந்த பணிஸைச் சந்தோஷமாகத் தின்றேன்.