நபீஸா மிஸ்ஸியின் கடல் பக்கம்

மருதமுனையில் பிறந்தவர்களுக்கு இடது, வலது என்று இரண்டு இருப்பதே பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியவரும். அதுவரைக்கும் எல்லாம் கடல் பக்கம், இல்லாவிட்டால் கிப்லாப் பக்கம். கிழக்கே கடல், மேற்கே தொழுகைக்கு முகம் திருப்பும் கிப்லா. இதற்கு மேல் ஒரு மனுசருக்கு வேறு என்ன திசை வேண்டிக்கிடக்கிறது? அலுமாரியைக் கடல் பக்கம் தள்ளச் சொல்வார்கள். சோற்றுக் கோப்பையைக் கிப்லாப் பக்கம் நகர்த்தச் சொல்வார்கள். நெசவுக்கார ஷரிபுதீனின் மகள் நபீஸா, முதுகு அரித்தால்கூடக் கடல் பக்கம் சொறிந்துவிடச் சொல்லித்தான் வளர்ந்தாள்.

தொண்ணூற்று மூன்றில், பிரசவம் பார்க்கும் மருத்துவமாதுவாகப் பயிற்சி பெற அவள் மலைநாட்டுக்குப் போனாள். அவர்கள் குடியிருந்த ஒழுங்கையிலிருந்து வேலைக்கென்று வெளியூர் போன முதல் பெண் அவள்தான். குமர்ப்பிள்ளையைத் தனியே அனுப்புவதா என்று கேட்ட சொந்தக்காரர்களின் வாயையெல்லாம் வாப்பா ஷரிபுதீன் ஒற்றை ஆளாக நின்று அடைத்திருந்தார். பாதியில் திரும்பி வந்தால் அத்தனை வாயும் மறுபடி திறக்கும் என்பது நபீஸாவுக்குத் தெரியும்.

மலைநாட்டில் கடல் இல்லை. வினை அங்கேதான் பிடித்தது.

புத்தகப் படிப்பில் அவளுக்குக் குறைவில்லை. ஆனால் கர்ப்பிணியின் வயிற்றில் கைவைத்து, உள்ளே பிள்ளை எப்படிக் கிடக்கிறது என்று சொல்ல வேண்டுமே. கெட்டியாக உருண்டிருப்பது தலை. வழுவழுவென்று நீளமாக ஓடுவது முதுகு. மறுபுறம் சின்னச் சின்ன மேடாகத் தட்டுப்படுவது கைகால். நபீஸாவின் விரல்களுக்கு எல்லாம் தட்டுப்பட்டன. அவற்றைச் சேர்த்து ஒரு பிள்ளையாக மனதில் கிடத்தத்தான் வரவில்லை. தாயின் முகத்தைப் பார்த்து நின்றால் ஒரு கணக்கு, கால் பக்கம் திரும்பி நின்று தொட்டால் இன்னொரு கணக்கு. தாயின் இடதைத் தன் வலது என்பாள், பிறகு அதையும் மாற்றுவாள். செய்முறைப் பரீட்சையில் முதுகு இருந்த பக்கத்தில் கைகால் என்று சொல்லிவிட்டாள். இன்னொரு தரம் பிழை விட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய அறைத் தோழி கஜனி, பாண்டிருப்புக்காரி. முஸ்லிம்களின் மருதமுனையும் தமிழரின் பாண்டிருப்பும் ஒட்டியபடி கிடக்கிற ஊர்கள். ஆனாலும் இரு பக்கத்தாரும் மோதிக்கொண்ட சண்டைக்குப் பிந்திய அந்த வருசங்களில் இந்த ஊரார் அந்த ஊருக்குப் போவது குறைந்துபோயிருந்தது. பக்கத்து ஊர்ப் பெண்கள் இருவரும் ஒருத்தியை ஒருத்தி அறிய இத்தனை மலை ஏற வேண்டியிருந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வாப்பா நெய்த சாரன் துண்டில் ஒரு பொம்மை தைத்தார்கள். கஜனி அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தன் கட்டிலில் கர்ப்பிணியாகப் படுப்பாள். நபீஸா தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பிழையாகவே சொல்வாள்.

ஒருநாள் மாலை மஃரிப் தொழுது முடித்து முசல்லா விரிப்பை மடிக்கும்போது அவளுக்குப் பொறி தட்டியது. முன்னால் கிப்லா என்றால், பின்னால் நம்முடைய கடல். ஊரில் அவள் வடக்கே தலை வைத்து, கிப்லாவைப் பார்த்து, வலது பக்கம் சரிந்து படுப்பவள். அப்படியென்றால் வடக்கே தலை வைத்துக் கிடக்கிறவளுக்கு வலது எப்போதும் கிப்லா, இடது எப்போதும் கடல். இத்தனை நாளும் உடம்புக்குத் தெரிந்திருந்தது மண்டைக்குத் தெரியாமல் போயிற்றே என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

கட்டிலைப் பார்த்தாள். கஜனி தெற்கே தலை வைத்துக் கிடந்தாள். எல்லாம் மாறிக் கிடந்தது. கொஞ்சம் திரும்பிப் படுக்கச் சொல்லிக் கேட்டாள்.

கஜனி எழும்பி உட்கார்ந்துவிட்டாள். வடக்கே தலை வைப்பது அவர்கள் வீட்டில் ஆகவே ஆகாது. நபீஸா வற்புறுத்தவில்லை, பொம்மையை எடுத்து வைக்கப் போனாள்.

"அத இஞ்ச தா கா," என்றாள் கஜனி. தலையணையைத் தூக்கி வடக்கே போட்டாள். "அம்மாட்ட மட்டும் சொல்லிப்போடாத."

நபீஸா கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். உள்ளே ஒரு பிள்ளை முழுசாகக் கிடந்தது. "முதுகு கடல் பக்கம்," என்றாள். சரியாக இருந்தது. பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு மாலையும் கஜனி பொம்மையைத் திருப்பித் திருப்பி வைத்து, வடக்கே தலை வைத்துப் படுத்தாள். நபீஸா தேறினாள்.

ஐந்தாறு வருசம் கழித்து, மருதமுனையில் மருத்துவமாதுவாகி ஊராருக்கு 'மிஸ்ஸி' ஆகிவிட்ட நபீஸாவின் கிளினிக்குக்கு மூச்சு வாங்க நடந்து வந்தாள் கஜனி. ஆலையடிவேம்பில் வேலை, தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு வந்திருந்தாள். நெஞ்சுக்குக் கீழே கெட்டியாக ஒன்று உருளுகிறது, பிள்ளை தலை மேலே கிடக்கிறதோ என்று பயந்துபோயிருந்தாள்.

"எத்தினை பேருக்குப் பாத்த கை. எனக்கு நானே பாத்தா ஒண்டும் பிடிபடுதில்ல கா."

படுக்கப் போனவள் நின்றாள். கட்டிலின் தலைமாடு தெற்கே இருந்தது.

"என்ன இது, எங்கட பக்கமாக் கிடக்கு?"

"ஒங்கட ஊர்ப் புள்ளயளும் வருதுகள்தானே. ஒன்ன நினைச்சித்தான் இப்பிடிப் போட்டன்."

"அப்ப ஒனக்கு எப்பிடிப் பிடிபடும்?"

"நான் கண்ண மூடி எல்லாரையும் திருப்பிக் கிடத்திருவன்."

நபீஸா கண்ணை மூடினாள். மேலே தொட்டாள், இரண்டு பக்கமும் தொட்டாள், கால் பக்கம் திரும்பி நின்று கீழே தொட்டாள்.

"தல கீழதான் இரிக்கி. மேல உருளுறது குண்டி. முதுகு கடல் பக்கம்."

கஜனி அழத் தொடங்கினாள். நபீஸா கையை எடுக்கவுமில்லை, கண்ணைத் திறக்கவுமில்லை. திறந்தால் தன்னுடைய கண்ணீரும் வெளியே வந்துவிடும்.