போனில் கேட்ட அழுகை

எங்கள் தீவில், டாலிகஞ்சில் மளிகைக் கடை வைத்திருக்கும் நசீர் பாயின் மருத்துவ பாலிசியை ஆண்டுதோறும் போனிலேயே புதுப்பித்துக் கொடுப்பேன்.

"பாய், அதே பாலிசிதானே?"

"ஹாங் அண்ணே, அதேதான். கடையில கூட்டம், ஜல்தி முடிச்சு விடுங்க."

ஒருமுறை அவர் குரலுக்குப் பின்னால் பச்சைக்குழந்தை வீறிட்டது. யார் குழந்தை என்று நான் கேட்கவில்லை.

சில மாதங்களில் அவருடைய அந்தக் குழந்தைக்கு மூளைக்காய்ச்சல். உடனே கடல் தாண்டி மெயின்லேண்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள் டாக்டர்கள். பாலிசியில் கணவன், மனைவி பெயர் மட்டுமே இருந்தது. அவர் பணம் புரட்டுவதற்குள் குழந்தை போய்விட்டது.

இப்போது புதுப்பிக்கும்போதெல்லாம், வீட்டில் யார் யார் என்று எல்லோரிடமும் கேட்கிறேன். மறு வருடம் நசீர் பாயிடம் நேரிலேயே போனேன். அவரிடம் மட்டும் கேட்க வாய் வரவில்லை.

அவரே சொன்னார்: "அதே பாலிசிதான் அண்ணே. நாங்க ரெண்டு பேருதானே."