'வெள்ளம் வருது' என்று மைக்கில் சொன்னேன்

1. நாற்பது நிமிஷம்

"நாப்பது மினிட்" என்றார் எங்கள் உதவிப் பொறியாளர் ஏ.ஈ. சார். போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. மலையில் போனக்காடு பக்கம் விடியற்காலையிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, அணையில் ஷட்டரெல்லாம் தூக்கப் போகிறார்கள், நாற்பது நிமிஷத்தில் கரமனை ஆறு படித்துறையைத் தாண்டி ஏறிவிடும். ஆற்றங்கரைத் தெருவைக் காலி பண்ண வேண்டும். போலீஸ் வண்டியெல்லாம் வேறு பக்கம் போய்விட்டன. மைக் கட்டிய ஜீப் எங்களிடம்தான் இருந்தது.

நான் பேச்சியம்மாள். அம்பாசமுத்திரத்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடிநீர் ஆபீசில் ஓவர்சியராக இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவள். புதிதாய் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள், "மேடம், உங்க சர்வீஸ்ல பெரிய தப்பு எது?" என்று கேட்டார்கள். கேட்டுட்டீங்கல்ல, படியுங்கள்.

அப்போது நடந்த கூத்தைக் கவனியுங்கள். ஆற்றில் அவ்வளவு தண்ணீர், குழாயில் ஒரு சொட்டு இல்லை. முந்தின இரண்டு நாள் மழையில் ஆறு சேறாகி, பம்ப் ஹவுஸில் மோட்டாரை நிறுத்தியிருந்தோம். மார்ச்சில் வறட்சி என்று சப்ளை கட், மே மாதத்தில் மழை என்று சப்ளை கட். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை சொன்ன நாளுக்கு வரும், ஆறு மூன்று நாள் எடுத்து மெதுவாக ஏறும். இப்போது ஒரு மாத மழை ஒரே காலையில் விழுகிறது. இங்கே மட்டுமா? வளைகுடாவில் இருக்கும் என் தங்கச்சி மகன் வீடியோ அனுப்புகிறான், பாலைவனத்து ரோட்டில் கார் மிதக்கிறது!

ஏ.ஈ. மைக்கை என் கையில் திணித்தார். "பேச்சியம்மாளே, அவிடெ முழுவன் தமிழல்லே? தமிழில் பறஞ்ஞா மதி." தமிழில் சொன்னால் போதுமாம். அது ஒரு வேலையா எனக்கு? ஏறி உட்கார்ந்தேன்.

2. இரண்டே சொல்

டிரைவர் சஜி ஜீப்பைப் பறக்கவிட்டான். வழியில் ஒரு மரம் சாய்ந்து கிடந்து, சுற்றிப் போனதில் பதினைந்து நிமிஷம் காலி. அந்தத் தெரு தமிழ் பிராமணர்கள் தலைமுறையாகக் குடியிருக்கிற அக்கிரகாரம், மெயின் ரோட்டிலிருந்து ஆற்றைப் பார்த்துச் சரிவாக இறங்கும். மேல் முனையில் பள்ளிக்கூடம். கீழ் முனையில் படித்துறை, அதன் பக்கத்திலேயே எங்கள் ஆபீஸ் பொதுக் குழாய். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மைக்கில் அடித்துச் சொன்னேன்: "வெள்ளம் வருது! எல்லாரும் மேல் முனைக்கு ஓடுங்க!"

மழையில் நனைந்த மைக் "வெள்ளம் வருது" வரைக்கும் கணீரென்று பேசிவிட்டு, அதற்கு மேல் கர்ர் என்று இருமியது. மறுபடி சொன்னேன். மறுபடி அதே இரண்டு சொல்தான் வெளியே வந்தது. பரவாயில்லை, விஷயம் அதுதானே என்று விட்டுவிட்டேன். கதவுகள் படார் படாரென்று திறந்தன. ஜனங்கள் வாசலுக்கு ஓடி வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியாடே சஜி, ஒரே குரல்!" என்றேன்.

சஜி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தான். "சேச்சி, இவரு எங்ஙோட்டா ஈ போகுன்னே?"

எங்கே போனார்கள்? ஆற்றைப் பார்த்துப் போனார்கள்! ஆளுக்கொரு குடம், பக்கெட், ஒருவர் தலையில் அண்டா. நான் செய்த முட்டாள்தனம் அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர். இந்த ஊர்த் தமிழர்களும் குழாய்த் தண்ணீரை அப்படித்தான் சொல்வார்கள். நானே ஆபீசில் வருஷக்கணக்காக "வெள்ளம் வந்தோ, வெள்ளம் வந்தோ" என்று கேட்டவள்தான். தமிழில் சொல் என்றதும் அம்பாசமுத்திரத்துத் தமிழ் வாயில் வந்துவிட்டது. குடிநீர் ஆபீஸ் ஜீப்பில் வந்து, இரண்டு நாள் குழாய் வறண்ட தெருவில் "வெள்ளம் வருது" என்றால் யார்தான் ஓடமாட்டார்கள்? சாகப் போகிற இடத்துக்கு நானே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறேன்.

குதித்து இறங்கினேன். முன்னால் போனவர் விசாலம் மாமி. ஆபீஸ் ஆட்கள் முப்பது பேருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவர். இடுப்பில் பித்தளைக் குடம்.

"மாமி, வெள்ளம் வருது மாமி! ஓடுங்க!"

"ஓடிண்டுதானே இருக்கேன்!" என்று இன்னும் வேகமாக ஆற்றைப் பார்த்து ஓடினார்.

சரி, சொல்லை மாற்றுவோம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். "ஆத்துல தண்ணி வருது! ஆத்துல தண்ணி வருது!"

"யாராத்துல?" என்றார் அண்டாக்காரர்.

கடவுளே! எங்கள் ஊரில் ஆத்துல என்றால் ஆற்றில். அக்கிரகாரத்தில் ஆத்துல என்றால் வீட்டில்! பாதிப் பேர், "நம்மாத்துலயும் வரதா பாரு" என்று திரும்ப வீட்டுக்குள் ஓடிக் குழாயைத் திறக்கப் போய்விட்டார்கள். நடுரோட்டில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து நிமிஷம் இருந்தது.

3. டேங்கர்

சர்வீஸில் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. திருவனந்தபுரத்தில் எந்தப் பாஷைக்காரரும் எந்த அர்த்தக் குழப்பமும் இல்லாமல் விழுந்தடித்து ஓடுகிற ஒரு சொல் இருக்கிறது. அதைக் கத்தினேன்.

"டேங்கர்! மேல் முனையில டேங்கர் வந்தாச்சு! சீக்கிரம் வாங்க, தீந்துரும்!"

சஜி கெட்டிக்காரன். டேங்கர் வந்தால் எப்படி ஹாரன் அடிப்பார்களோ அதே மாதிரி நீளமாக அடித்துக்கொண்டே ஜீப்பைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத் திருப்பினான். அடேயப்பா, தெருவே கிளம்பியது! உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்கள். தூங்கினவர்கள் எழுந்து வந்தார்கள். வாசல் வாசலாக ஓடி, "உங்க வீட்டுல எல்லாரும் வாங்க, ஆளுக்கு ஒரு குடம்தான்" என்று இன்னொரு பொய்யும் சேர்த்துக்கொண்டேன். குழந்தையைக்கூட ஒரு சொம்போடு தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வராத ஒரே ஆள் விசாலம் மாமி. கீழ் முனையில் குழாயடியில் முதல் ஆளாகக் குடத்தை வைத்து நின்றார்.

"டேங்கர்ல கூட்டம் அடிச்சுக்கும். எனக்கு இங்கே முதல் எடம் கெடச்சிருக்கு, நான் நகரமாட்டேன், கேட்டேளா. முப்பது பேருக்கு ஒலை வைக்கணும்."

அவருக்குப் பின்னால் படித்துறையில் நாலு படி தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மூன்று படி ஆனது. ஆறு சத்தமே போடாமல் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை. சட்டென்று மாமியின் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் பிடித்தேன்.

"அடிப்பாவி! என் கொடம்! பிடிங்கோ அவளை!"

ஐம்பத்து மூன்று வயதில் நான் அப்படி ஓடுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நான் முன்னால், அர்ச்சனை பண்ணிக்கொண்டே மாமி பின்னால். சரிவு முழுக்க ஏறிப் பள்ளிக்கூட கேட்டில் போய்த்தான் நின்றேன். மூச்சு வாங்கியது. மாமி குடத்தைப் பிடுங்கிக்கொண்டு என் தோளில் ஓர் அடி வைத்தார். வாங்கிக்கொண்டேன்.

அங்கே எனக்கு இன்னும் பெரிய பூசை காத்திருந்தது. காலிக் குடங்களோடு ஒரு தெருவே நின்றது. டேங்கர் எங்கே, ஏன் பொய் சொன்னீர்கள், புகார் எழுதுவோம், உங்கள் பேர் என்ன? கையைக் கீழே நீட்டிக் காட்டினேன்.

பொதுக் குழாயைக் காணோம். மாமி நின்ற இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழன்றது. கீழ் முனை வீடுகளுக்குள் வாசல் வழியாக ஆறு நுழைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு பேர் சொல்லி எண்ணினோம். ஒருவர்கூடக் குறையவில்லை. எனக்குத் தாங்கவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். மாமி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, டேங்கர் எப்போ வரும்?" என்றார்.

வந்தது. ஒரு மணி நேரத்தில் நானே போன் போட்டு வரவழைத்தேன்.

4. எழுதி வைத்தது

மறுநாள் ஏ.ஈ. சார் ரிப்போர்ட் கேட்டார். நடந்ததை நடந்தபடி எழுதினேன், என் தப்பையும் சேர்த்து. படித்துவிட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இனி எந்து பறயும்?" என்றார். இனி என்ன சொல்லப் போகிறீர்கள்? நல்ல கேள்வி.

அந்தத் தெருவுக்கே திரும்பப் போனேன். சேறு வாரிக்கொண்டிருந்தவர்களிடம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிக் காட்டி, உங்களுக்கு என்ன புரிகிறது என்று கேட்டேன். வெள்ளம், பிரளயம், எச்சரிக்கை, ஜாக்கிரதை என்று எதைச் சொன்னாலும் ஆளுக்கொரு அர்த்தம் சொன்னார்கள். கடைசியில் எல்லாருக்கும் ஒன்றாகப் புரிந்தது ஒன்றுதான்: "பள்ளிக்கூடத்துக்கு வாங்க. இப்பவே வாங்க." அதைத்தான் எழுதி ஜீப்பில் ஒட்டினோம்.

என்ன வருகிறது என்பதை அப்புறம் விளக்கிக்கொள்ளலாம், பிள்ளைகளே. எங்கே போகணும் என்பதை முதலில் சொல்லுங்கள். அதை வானம் வெளுத்திருக்கும்போதே அந்தந்தத் தெருவில் போய்ச் சொல்லிப் பாருங்கள். இந்தக் கதையைக் கேட்டு எல்லாரும் என் டேங்கர் பொய்யைத்தான் மெச்சுகிறார்கள். நான் மெச்சமாட்டேன். இப்போதைய மழை யோசிக்க அவகாசம் தருவதில்லை, அந்தப் பொய்யோ ஒரு தெருவில் ஒரு தடவைதான் செல்லும்.