மல்லிகை குடிக்கும் எண்ணெய்

ஐம்பதுகளில் நான் சதுரங்கப்பட்டினத்தில் தபால்காரன். அங்கே வாசனை எண்ணெய் செய்யும் பாய் ஒருவர், வெயில் படாமல் வெளுத்த முகத்தோடு, எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். வந்தவரை மோந்து பார்த்துவிட்டுத்தான் திறப்பார். என் சட்டையில் பீடி நாற்றம் என்பதால் தபாலைக் கதவிடுக்கிலேயே வாங்கிக்கொள்வார்.

ஒருநாள், "உள்ள வா அண்ணாத்த" என்றார்.

தாம்பாளங்களில் நல்லெண்ணெய். அவற்றின் மேல் கட்டிய துணியில் மல்லிகை. எனக்கு மூச்சு முட்டியது.

"ஜன்னலத் தொறந்தா இன்னா பாய்?"

"கருவாட்டு வாசம் ஏறிடும். காத்துல இன்னா கீதோ அத்த எண்ணெ குடிச்சிடும். நான் வெளிய போய் வந்தாலும் ஒட்டிக்கினு வந்துடும். ஆறு நாளா உள்ளதான் கீறேன்."

நான் கொண்டுபோன ரிஜிஸ்தர் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எண்ணெயில் விரலைத் தோய்த்து மோந்தார்.

"உன் பீடி ஏறிடுச்சி."

அவர் கோபிக்கவில்லை. ஜன்னலை அகலத் திறந்து, கருவாட்டுக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் கை நீட்டினார்.

"ஒரு பீடி கீதா?"

அத்தனை கூர்மையான மூக்குக்காரர் அன்று என்னை ஏன் உள்ளே விட்டார் என்று கேட்க எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை.