மறுக்காச் சொல்லுங்க

பாலக்காட்டு ரஷ்ய மொழி வகுப்பில், மருத்துவம் படிக்கப் போகும் எங்களோடு முதலமடை மாந்தோப்புக்காரர் ஒருவரும் இருந்தார். ரஷ்ய மருமகளோடு பேச வேண்டுமாம். விரலெல்லாம் மாங்காய்ப் பால் கறை.

செயல் முடிந்ததா, நடந்துகொண்டிருக்கிறதா என்பதை வினைச்சொல்லிலேயே காட்டும் ‘வினைநோக்கு’ அன்றைய பாடம். புரியாமலே தலையாட்டினோம். அவர் மட்டும் கை தூக்கினார்.

“ஏனுங்க சார், வெளங்கலீங்க. மறுக்காச் சொல்லுங்க.”

நான்கு முறை கேட்டார். எரிச்சலாக வந்தது. நான்காவது முறை எனக்குப் புரிந்துவிட்டது.

இடைவேளையில் அவர் நோட்டைப் பார்த்தேன். அந்தப் பாடத்தின் பயிற்சி முழுவதும் பிழையில்லாமல், முந்தின நாள் தேதியிட்டு இருந்தது.

“தெரிஞ்சுகிட்டே எதுக்குங்க கேட்டீங்க?”

“கேக்கறதுக்கு எனக்கு வெக்கமில்ல கண்ணு. உங்களுக்கெல்லாம் இருந்துச்சே.”

இங்கே ரஷ்யாவில், வகுப்பில் கை தூக்க இன்னும் கூசுகிறது. தூக்கிவிடுகிறேன்.