பெண் பார்த்த கிறிஸ்துமஸ் பார்க்

பெரம்பலூரில் என் சித்தி மகள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். எனக்கு வயிறு நிறைந்திருந்தது, மனசு சரியில்லை. பந்தியில் ஒரு அத்தை வழக்கம்போல ஆரம்பித்துவிட்டாள். இவர் பெண் பார்த்த அன்றைக்குச் சம்மதம் சொன்னது என் சித்தி மகளையாம், ஏமாந்துபோய் என்னைக் கட்டிக்கொண்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

அரியலூர் ரோட்டில் இவராகவே வண்டியை ஓரங்கட்டினார். எதிரே, இவர் என்னைப் பெண் பார்த்த அந்தக் கிறிஸ்துமஸ் பார்க். இன்னுமா இருக்கிறது என்று இருந்தது எனக்கு.

வாசலில் கிறிஸ்துமஸ் தாத்தா அப்படியே நிற்கிறார். அய்யனார் சிலை செய்கிறவரை வைத்துச் செய்ததால் முறுக்கு மீசையும் உருட்டு விழியுமாகத்தான் அன்றைக்கே இருந்தார். யாரோ நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். வண்டி இழுக்கும் கலைமான்களுக்குக் காளை மாட்டுத் திமில். சவுக்கு மரத்தில் தொங்கிய நட்சத்திரங்கள் வெளுத்துவிட்டன. ராட்டினம் துருப்பிடித்து நின்றுவிட்டது. சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. பனி கொட்டுகிற மாதிரி இருக்க வேண்டுமென்று பஞ்சு ஒட்டிவைத்த முதலாளி இதைப் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதற்கு முன்னால் சும்மா ஒரு தடவை வெளியில் வைத்துக் காட்டுவார்கள். பிடிக்காவிட்டாலும் பெண்ணைப் பற்றி ஊரில் பேச்சு வராது. கோயிலில் வைத்தால் தெரிந்தவர்கள் கண்ணில் படும் என்று, ஈ காக்கை வராத இந்தப் பார்க்கை அப்பா பிடித்தார். இரண்டு வீட்டாரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உலாத்த வேண்டும். இதுதான் பெண் என்று யாரும் கை காட்டக் கூடாது. துணைக்கு வந்த சித்தி மகள் நல்ல சிவப்பு, புதுச் சேலை வேறு. எனக்கு அம்மா வெளுத்த நூல் சேலையைக் கட்டிவிட்டிருந்தாள், பெண்ணைக் காட்டத்தான் வந்தோம் என்று தெரியக் கூடாதாம். அதற்கப்புறம் இவர் என்னைப் பார்த்தது பூ வைக்க வந்தபோதுதான், அதற்குள் கல்யாணப் பேச்சு முடிந்திருந்தது. ஆள் மாறியிருந்தாலும் வாய் திறக்கிற மனிதரில்லை இவர்.

இத்தனை வருஷமும் அந்த முள் உள்ளேயே கிடந்தது. பதில் வேறு மாதிரி வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்காமலே இருந்தேன். அந்தப் பார்க்குக்குள் நின்றபோது கேட்டுவிட்டேன்.

"உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு அவளத்தான் பொண்ணுன்னு நெனச்சீங்களா?"

"ஆமா," என்றார்.

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. உடைந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவதான் பொண்ணுன்னு நெனச்சுகிட்டு, வேணாம்னு சொல்லத்தான் எங்கம்மாகிட்ட போனேன். ராட்டினக்காரரு ஒரு கெழவிய ஏத்த மாட்டேன்னு சொன்னாருன்னு, நூல் சேல கட்டியிருந்த இன்னொரு பொண்ணு அவர நிக்க வச்சு சண்ட போட்டுகிட்டு இருந்துச்சு. கேக்கறதுனா அந்தப் பொண்ணக் கேளுங்கம்மான்னேன். அதான்டா பொண்ணுன்னாங்க."

அந்தச் சண்டை எனக்கு ஞாபகமே இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷம்தான். அதற்கு அடுத்த நிமிஷமே கோபமும் வந்தது. இதை முன்னாடியே சொல்வதற்கு என்ன என்று கேட்டேன். எல்லோரும் கேலி செய்தால் நீயும் சிரித்துவிட்டுப் போவாய் என்று நினைத்தேன், அது உன்னைக் குத்தும் என்று தெரியாது என்றார்.

வீடு வந்து சேரும்வரை நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவருக்கு அந்தத் தண்டனைகூட இல்லாவிட்டால் எப்படி? தோளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தேன்.