தாயில்பட்டி அக்காவின் பக்கம்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள மதுரைக்குப் போகும் நாள்களில் நான் விருதுநகரில் பேருந்து ஏறும்போது, இடப்பக்கச் சன்னலோர இருக்கை ஒன்றில் துண்டு விரிந்து கிடக்கும். சாத்தூரிலேயே ஏறிவிட்ட இரண்டு அக்காமார் எனக்காகப் பிடித்து வைத்த இடம் அது. எனக்கு அறுவை நடந்தது இடது மார்பில். அந்தப் பக்கத்துக் கையை யாரும் இடித்துவிடக் கூடாது என்பதால் எனக்கு இடப்பக்கச் சன்னல். வலது மார்பை எடுத்திருந்த தாயில்பட்டி அக்காவுக்கு வலப்பக்கச் சன்னல். சாத்தூர் அக்காவுக்குக் கட்டியை மட்டும்தான் நீக்கியிருந்தார்கள். அன்றைக்கு எங்கள் இருவரில் யாருக்கு அதிகம் முடியவில்லையோ அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நிற்கிற கூட்டத்துக்குத் தம் தோளைக் கொடுப்பார்.

நான் மேடையில் பேசுகிறவள். கல்லூரி நாள்களிலிருந்து பட்டிமன்றக் குழுவொன்றில் இருக்கிறேன். எந்த அணியில் உட்கார வைத்தாலும் அந்த அணிக்காகப் பேசி அரங்கை என் பக்கம் திருப்ப முடியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. உழைத்துப் பெற்ற திறமை. முப்பதை எட்டுவதற்கு முன்பே இந்த நோய் வந்து, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர் விழுங்கவே யோசிக்க வேண்டியிருந்த மாதங்களில் மேடை இல்லாமல் போயிற்று. எனக்கு எஞ்சியிருந்த சபை அந்த இரண்டு பேர்தான்.

அவர்கள் இருவரும் வேறெங்கும் அருகருகே உட்கார்ந்திருக்க வாய்ப்பில்லாதவர்கள். சாத்தூர் அக்கா கரிசல்காட்டில் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற வீட்டுப் பெண்மணி. தாயில்பட்டி அக்காவின் தாயும் பாட்டியும் அப்படிப்பட்ட வீடுகளின் நிலத்தில் களையெடுத்தவர்கள். அக்கா காட்டு வேலையை விட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய், புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்தவர். முதல் முறை மருத்துவமனைக்கு வந்தபோது சாத்தூர் அக்கா தமக்கெனத் தனி டம்ளர் கொண்டு வந்திருந்தார். எங்கள் மூவருக்கும் வாய்ப்புண் வந்த பிறகு, ஆறவைத்த கஞ்சி ஒரே தூக்குவாளியில் வரத் தொடங்கியது. அந்த டம்ளர் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பட்டாசு ஊரில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது வெடிமருந்து. கை நரம்பில் சிவப்பு மருந்து இறங்கத் தொடங்கியதும், தாயில்பட்டி அக்கா பாட்டிலை அண்ணாந்து பார்த்து, "கம்பெனியில நான் மருந்தை அடைச்சேன். இங்கன என்னையே குழாயாக்கி அடைக்கிறாக," என்றார். பக்கத்துக் கட்டிலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்துவிட்டார். ஒருவருக்கொருவர் நாங்கள் செய்ததெல்லாம் இவ்வளவு சிறியவை. புதிதாக வந்த செவிலியர் அறுவை நடந்த கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றப் போனால், மற்ற இருவரும் ஒரே குரலில் தடுப்போம். ஒருவருக்குக் குமட்டினால் இன்னொருவர் நார்த்தங்காய் ஊறுகாயின் மூடியைத் திறந்து மூக்கருகே பிடிப்பார். கழிவறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லையென்றால் கதவைத் தட்டுவோம்.

என் பங்கு, பேச்சு. மருந்து இறங்கி முடிகிற வரை நேரம் நகராது. தாயில்பட்டி அக்கா தலைப்புக் கொடுப்பார்: மாமியார் வாய் பெரிதா, மருமகள் வாய் பெரிதா; புளிக்குழம்பா, ரசமா; வழுக்கைத் தலைக்கு முக்காடு அழகா, தொப்பி அழகா. நான் தணிந்த குரலில் முதலில் ஒரு பக்கம் பேசுவேன், பிறகு அதை உடைத்து மறுபக்கம் பேசுவேன். தீர்ப்பு சொல்லுகிற உரிமை சாத்தூர் அக்காவுக்கு. அவர் பெரும்பாலும் தூங்கிப்போயிருப்பார். என்னை அவர்கள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நான் அவர்களுக்கு 'மேடை'.

சிகிச்சை முடிந்து மூவருக்கும் முடி முளைத்தது. பரிசோதனைக்கு மட்டும் போய் வந்தோம். பிறகு தாயில்பட்டி அக்காவுக்கு முதுகு வலிக்கத் தொடங்கியது. சுமை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தபோது நோய் முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. வேறொரு மருந்து இருக்கிறது, ஏற்றினால் சில மாதங்கள் கூடக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வேண்டாமென்றால் வலிக்கு மாத்திரை தந்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு பேசிவிட்டு வந்து சொல்லுங்கள் என்றார்.

அன்று திரும்பும்போது தாயில்பட்டி அக்கா சாத்தூருக்குப் போகாமல் என்னோடு விருதுநகரில் இறங்கிவிட்டார். அவரைத் தனியே விடக் கூடாதென்று சாத்தூர் அக்காவும் இறங்கினார். பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.

"எனக்காக ஒரு பட்டிமன்றம் பேசணும் நீ," என்றார் தாயில்பட்டி அக்கா. "எங்க வீட்டுல. எதிரணி எங்க வீட்டுக்காரரு. மறுபடியும் மருந்து ஏத்தியே ஆகணும்னு நிக்கிறாரு. எனக்கு வேணாம். நான் சொன்னா அழுகை வந்துருது, பாதியில விட்டுருதேன். நீ எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசுவேல்ல? என் பக்கம் பேசு தாயி."

நான் வாய் திறப்பதற்குள் சாத்தூர் அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். இந்த மூன்று பேரில் ஒருத்தி போகிறேன் என்றால் கூட இருக்கிறவர்கள் பிடித்து இழுக்க வேண்டும், வண்டி வைத்து அனுப்பக் கூடாது என்றார். அதற்கு மேல் என்னைப் பார்த்துச் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "ஒன் வாய்க்கு அங்கன கைதட்டு கிடைக்கும். இவளுக்கு என்ன கிடைக்கும்?"

தாயில்பட்டி அக்கா அவர் கையைப் பிடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். முதல் தடவை மருந்து ஏற்றியபோது பட்டதையெல்லாம் நம்பிப் பட்டதாகவும், இந்த முறை அந்த நம்பிக்கை இல்லாமல் படவேண்டியிருக்கும் என்றும், அதற்கு உடம்பில் தெம்பில்லை என்றும் மெல்லச் சொன்னார். சாத்தூர் அக்கா கையை உருவிக்கொண்டார். தாமும் தாயில்பட்டிக்கு வருவதாகவும், ஆனால் எதிரணியில்தான் உட்காரப் போவதாகவும் சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த வாரம் நான் உரை தயாரித்தேன். முன்பெல்லாம் உரை தயாரிப்பது எனக்குப் பண்டிகைக்குச் சமையல் செய்வது போல இருக்கும். அன்று அப்படியில்லை. நான் எழுதுகிற ஒவ்வொரு வலுவான வாக்கியமும் அக்காவின் நாள்களில் சிலவற்றைக் கழிக்கிறது என்று தெரிந்தே எழுதினேன். வேண்டுமென்றே தோற்றுவிடலாமா என்றும் எண்ணினேன். அது அவருக்குச் செய்கிற துரோகம். வென்றாலோ அவரை இழக்கிறேன். எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். எதிரணியின் கேள்விகளை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் விடை வைத்துக்கொள்வது எங்கள் பயிற்சி. எல்லாவற்றுக்கும் விடை வைத்துக்கொண்டேன் என்றுதான் நம்பினேன்.

நாங்கள் தாயில்பட்டிக்குப் போனது தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருந்த நேரம். அக்காவின் கணவர் லாரிகளுக்கு லோடு ஏற்றுகிறவர். வேலையில்லாததால் வீட்டில் இருந்தார். அகன்ற தோள்களுள்ள மனிதர். எங்களைக் கண்டதும் பாயை உதறி விரித்தார். "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்வதற்குள் கடைக்குப் போய்க் கலர் சோடாவும் முறுக்கும் வாங்கி வந்தார். அக்கா கட்டிலில் சுவர்ப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் என்னைவிட்டு அகலவில்லை.

நான் பேசினேன். அக்கா இதுவரை பட்ட சிரமத்தை முதலில் வைத்தேன். மருத்துவர் உறுதி எதுவும் தரவில்லை என்பதை அடுத்து வைத்தேன். கிடைக்கக்கூடிய மாதங்கள் பேருந்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் கழியும், வீட்டில் அல்ல என்றேன். குரல் நன்றாக இருந்தது. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினேன். அக்காவின் கணவர் குனிந்து தரையைப் பார்த்தபடி முழுவதையும் கேட்டார். பிறகு தலையை நிமிர்த்தி, என் தலையில் காதுவரை வளர்ந்திருந்த முடியைப் பார்த்தார்.

"ஒனக்கு மருந்து கேட்டுச்சுல்லம்மா," என்றார். "அவளுக்கு மட்டும் ஏன் கேக்காது?"

அந்தக் கேள்வி என் பட்டியலில் இருக்கவில்லை. அவருடைய வாதத்துக்கு முழுச் சான்றாக அவருடைய பாயிலேயே உட்கார்ந்திருந்தேன் நான். என் முடியும் என் குரலும் அவர் பக்கம் பேசின. உதவிக்குச் சாத்தூர் அக்காவைப் பார்த்தேன். எதிரணிக்காரர் அவர், என்னை அடித்து முடிக்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. அவர் முறுக்கை உடைத்துக்கொண்டே இருந்தார், வாயில் போடவில்லை.

விவாதத்தில் எதிராளியின் கருத்தை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது நாங்கள் முதலில் கற்பது. ஒப்புக்கொண்டேன். "கேக்கலாம்ணே," என்றேன். "கேக்காதுன்னு நான் சொல்லல. எனக்குமே கேட்டுருச்சுன்னு யாரும் சொல்லல, இப்போதைக்குக் கேட்டுருக்குன்னுதான் சொல்லிருக்காக. கேட்டாலும் அக்காவுக்கு வேணாமாம். அதைச் சொல்லத்தான் வந்தேன். மத்ததெல்லாம் நானாச் சேத்தது."

அவர் கலர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வெளியே யாரோ இரு சக்கர வண்டியை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை. கடைசியில் அவர் பேசியது அக்காவைப் பார்த்தோ என்னைப் பார்த்தோ அல்ல, சாத்தூர் அக்காவைப் பார்த்து.

"ஆஸ்பத்திரின்னா நீங்க ரெண்டு பேரும் இருக்கீக. என்ன செய்யணும், எந்தக் கையைத் தொடக் கூடாது, எல்லாம் தெரியுது ஒங்களுக்கு. வீடுன்னு ஆயிட்டா நான் ஒருத்தன்தான. எனக்கு மூட்டை தூக்கத் தெரியும். இவளத் தூக்கத் தெரியாது."

அவர் மருந்தைப் பிடித்துக்கொண்டிருந்தது எதனால் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அக்காவுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். கட்டிலிலிருந்து கையை நீட்டி அவர் முதுகைத் தொட்டார். சாத்தூர் அக்கா முறுக்குத் துண்டுகளைத் தட்டில் போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தார். "நாங்க வருவோம்ணே," என்றார். "மதுரைக்குப் போற பஸ்ஸுக்குப் பதிலா இங்கன வார பஸ்ஸு. அம்புட்டுதான்."

அப்படித்தான் போனோம். மருந்து ஏற்ற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்திருக்கும் நாள்களிலெல்லாம் தாயில்பட்டிக்குப் போனோம். அது எளிதாக இருந்தது என்று சொன்னால் பொய். எங்கள் இருவருக்கும் உடம்பில் முழுத் தெம்பு கிடையாது. மாடிப்படி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும். சாத்தூர் அக்காவுக்கு, நிறைய வேலை செய்த மறுநாள் அறுவை நடந்த பக்கத்துக் கை வீங்கிவிடும். பேருந்திலிருந்து இறங்கி அந்த வெயிலில் நடக்கும்போது, இன்றைக்குத் தவிர்த்திருக்கலாமே என்று இருவருமே நினைத்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் சொல்லியும் இருக்கிறோம். போய்ச் சேர்ந்ததும் முதலில் தரையில் படுத்துவிடுவோம். "என்னையப் பாக்க வந்தீகளா, நான் ஒங்களப் பாக்கணுமா?" என்பார் அக்கா.

அவருடைய கணவருக்குச் சாத்தூர் அக்கா கற்றுக்கொடுத்தார். தோளுக்கடியில் ஒரு கையும் இடுப்புக்கடியில் ஒரு கையும் கொடுத்து ஒருக்களித்துத் திருப்புவது, வலி மாத்திரையை வலி வந்த பிறகு தராமல் முன்பே தருவது, உதடு காய்ந்தால் ஈரத்துணியால் ஒற்றுவது. முதலில் அவர் மூட்டையைப் புரட்டுவது போலத்தான் புரட்டினார். முரட்டுத்தனமாகத் திருப்பினால் அக்கா திட்டுவார், "ஏங்க, என்ன அட்டைப்பெட்டியா நான்?" பொங்கல் கழிந்து கம்பெனிகளில் அடுத்த ஆண்டு ஆர்டர்களுக்கு வேலை தொடங்கியபோது லோடு ஏற்ற அவரைக் கூப்பிட்டு ஆள் வந்தது. அவர் போகவில்லை.

ஒருநாள் நாங்கள் போய்ப் பாயில் படுத்து எழுந்தபோது, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அக்காவின் கணவரே தலை துவட்டி, சேலை மாற்றி, கஞ்சி கொடுத்து முடித்திருந்தார். வெயில் தாழ நீங்கள் கிளம்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எங்களுக்கு அது நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அக்கா அரைத்தூக்கத்தில் கையை மட்டும் அசைத்தார்.

அக்கா பங்குனியில் இறந்தார். எங்களுக்குச் சேதி வந்தது உயிர் பிரிந்து, உறவினர்கள் வந்து சேர்ந்த பிறகு. முந்தைய நாள் மாலையிலிருந்தே மூச்சு மாறிவிட்டதாம். கணவர் ஒருவரே பக்கத்தில் இருந்திருக்கிறார். சாத்தூர் அக்கா வாசலில் நின்ற அவரைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஏன் எங்களைக் கூப்பிடவில்லை என்று சண்டை பிடித்தார். அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார்.

"முந்தாநேத்துத்தான வந்துட்டுப் போனீக," என்றார். "ஒங்களுக்கும் ஒடம்பு அலுப்பா இருக்கும்ல. என்ன செய்யணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அதான் கூப்பிடாம விட்டுட்டேன்."

பிறகு எங்களுக்கு உட்கார நிழலில் நாற்காலிகள் இழுத்துப் போட்டார். சாத்தூர் அக்காவின் வீங்கிய கை சுவர்ப்பக்கம் வரும்படி அவருடைய நாற்காலியைத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனார்.